அப்டேட் போட்டால் இரண்டு நாள் ஆப் திணறுகிறது, அப்புறம் தானாகச் சரியாகிறது: ஜிட் காரணமா, ஏஓடிக்கு மாற வேண்டுமா?

பனங்குருத்து:

வணக்கம். காட்லின் மொழியில், திரைகளை அமைக்கும் ஜெட்பேக் கம்போஸ் லைப்ரரி வைத்து எழுதிய ஒரு ஆர்டர் எடுக்கும் ஆப்பைப் பராமரிக்கிறேன். பயன்படுத்துபவர்கள் எல்லோரும் விற்பனைப் பிரதிநிதிகள். கையில் இருப்பது 3 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள். காலையில் கடை கடையாக ஏறி இறங்கும்போது ஆப்பைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பார்கள். வாராவாரம் ப்ளே ஸ்டோரில் புதிய பதிப்பு விடுகிறோம்.

பிரச்சினை இதுதான். புதிய பதிப்பு போன அன்று புகார் வரும்: ஆப் திறக்க நேரம் எடுக்கிறது, பொருள் பட்டியலை ஸ்க்ரோல் செய்தால் விட்டு விட்டு நகர்கிறது. அடுத்த நாளும் வரும். மூன்றாம் நாள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், நாங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டோம். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. சிலருடைய போனில் மட்டும் வாரம் முழுக்க மந்தமாகவே இருக்கிறது. எங்கள் மேசையில் இருக்கும் போன்களில் இது தெரிவதே இல்லை.

குழுவில் ஒருவர் சொல்கிறார்: ஆண்ட்ராய்டு ஜிட் முறையில் ஓடுகிறது, ஆப் ஓடும்போதுதான் கம்பைல் ஆகிறது, அதனால்தான் இந்த மந்தம், ஃப்ளட்டரில் (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே கோடில் ஆப் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) எழுதினால் ஏஓடி, முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாறிவிடும், முதல் நொடியிலிருந்தே வேகமாக இருக்கும், அதனால் மாற்றி எழுதிவிடலாம் என்று. நான் ஃப்ளட்டரைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன், அதே மலிவான போனில் எங்கள் ஆப்பைவிட மோசமாக இருந்தது. இரண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று புரியவில்லை. மேலாளர் அடுத்த வாரம் பதில் கேட்பார், மாற்றி எழுதுவது என்றால் மாதக் கணக்கில் வேலை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


கடலோடி:

மாற்றி எழுதும் முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறி ஒன்று விடாமல் ஆண்ட்ராய்டில் ஆப்களை ஓட்டும் அடுக்கான ஆர்ட் ரன்டைம் வேலை செய்யும் விதத்தோடு பொருந்துகிறது, அதைத் தீர்க்கவும் வழி இருக்கிறது.

"ஆண்ட்ராய்டு என்றால் ஜிட்" என்பது அரைகுறை உண்மை. 2010இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோது அன்றைய ரன்டைமான டால்விக்கில் ஜிட் சேர்த்தார்கள். அப்போது அந்த வாக்கியம் சரி. 2014இல் 5.0 லாலிபாப்பில் டால்விக்கை எடுத்துவிட்டு ஆர்ட்டைக் கொண்டு வந்தார்கள், அது நேர் எதிர்த் திசை: ஆப்பை நிறுவும்போதே மொத்த பைட்கோடையும் (ஆப் இறங்கும்போது இருக்கும் இடைநிலை வடிவம்) இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துவிடும். கேட்க அருமையாக இருக்கும், ஆனால் நிறுவ நேரம் பிடித்தது, மாற்றி வைத்த கோடு சேமிப்பு இடத்தை விழுங்கியது, சிஸ்டம் அப்டேட் வந்தால் எல்லா ஆப்பையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எத்தனையாவது ஆப் என்று எண்ணிக் காட்டிக்கொண்டு போன் பல நிமிடம் அப்படியே நிற்கும் அந்தத் திரை ஞாபகம் இருக்கும். ஆகவே 2016இல் 7.0 நௌகட்டில் இரண்டையும் கலந்தார்கள். இன்றைக்கு உங்கள் பிரதிநிதிகளின் போனில் ஓடுவது அந்தக் கலப்பு முறைதான்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள், உங்கள் இரண்டு நாள் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். ஆப் புதிதாக இறங்கியதும், எந்த மெத்தட்களை (கோடின் சிறு செயல் அலகுகளை) முன்கூட்டியே கம்பைல் செய்ய வேண்டும் என்ற பட்டியல், அதாவது ப்ரொஃபைல், கூடவே வரவில்லை என்றால் எதுவுமே கம்பைல் ஆவதில்லை. எல்லாமே இன்டர்ப்ரெட்டரில், அதாவது பைட்கோடை ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்து, மெதுவாக ஓடும். அடிக்கடி கூப்பிடப்படும் மெத்தட் எது என்று ஆர்ட் எண்ணிக்கொண்டே இருக்கும், ஓர் அளவைத் தாண்டினால் ஜிட் கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றும். ஆனால் ஜிட் உருவாக்கிய கோடு நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். ஆப்பின் ப்ராசஸ் செத்தால் அதுவும் போச்சு. 3 ஜிபி ராம் போனில் வேறு இரண்டு ஆப்பைத் திறந்தாலே சிஸ்டம் உங்கள் ப்ராசஸைக் கொன்றுவிடும், அடுத்த கடையில் திறக்கும்போது மறுபடி முதலிலிருந்து. வட்டில் தங்குவது, எந்த மெத்தட்கள் சூடானவை என்ற அந்தப் பட்டியல் மட்டும்தான்.

அப்புறம் ஒரு கட்டத்தில், போன் சும்மா இருந்து, சார்ஜிலும் இருந்தால், பின்னணியில் ஒரு வேலை எழுந்து அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதில் உள்ளவற்றை மட்டும் ஏஓடி முறையில் கம்பைல் செய்து வட்டில் எழுதி வைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது ராத்திரி தூங்கும்போது நடக்கும், ஓரிரு நாளில் புகார் ஓய்வது இதனால்தான். வாரம் முழுக்க மந்தமாக இருக்கிறது என்பவர்கள் போனை எப்போது சார்ஜ் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வண்டியில் போகும்போது பவர் பேங்கில் போட்டு, மேப்பும் பார்த்துக்கொண்டு, ராத்திரி போனை அணைத்து வைப்பவராக இருந்தால் "சும்மா இருக்கிறது, சார்ஜிலும் இருக்கிறது" என்ற இரண்டும் சேர்ந்து வரும் நேரம் அவருக்கு வாய்ப்பதே இல்லை.

இப்போது வாராந்திர ரிலீஸைச் சேர்த்துப் பாருங்கள். புதிய பதிப்பில் பைட்கோடு இருக்கும் டெக்ஸ் கோப்பு மாறிவிடுகிறது, பழைய ப்ரொஃபைலும் அதை வைத்து கம்பைல் செய்ததும் புதியதற்குச் செல்லாது. ஒவ்வொரு வாரமும் எல்லோரையும் பூஜ்யத்துக்கு அனுப்புகிறீர்கள். கூகுள் ப்ளே 2019 முதல் கிளவுட் ப்ரொஃபைல் என்று ஒன்று தருகிறது, முதலில் அப்டேட் செய்தவர்களின் போன்களிலிருந்து பட்டியல்களைச் சேர்த்து, பின்னால் நிறுவுகிறவர்களுக்குச் சேர்த்து அனுப்பும். ஆனால் அது ஆண்ட்ராய்டு 9 முதல்தான், நிறையப் பேர் பயன்படுத்தும் ஆப்புக்குத்தான் நன்றாக உதவும், ரிலீஸ் ஆன பிறகு அது உருவாகவே சில மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகும். உங்களைப் போல ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் ஓடுகிற ஆப்புக்கு அதை நம்ப முடியாது.

கம்போஸ் இதில் இன்னொரு காரணம். பழைய வியூ முறையின் வகுப்புகள் சிஸ்டத்தோடு வருபவை, ஏற்கனவே கம்பைல் ஆகி எல்லா ஆப்புக்கும் பொதுவாக நினைவகத்தில் காத்திருக்கும். கம்போஸ் அப்படி இல்லை, அது ஒரு லைப்ரரி, உங்கள் ஆப்புக்குள் பைட்கோடாகப் பயணம் செய்கிறது. அதற்கான ப்ரொஃபைலை அந்த லைப்ரரியே கொண்டு வருகிறது என்பது உண்மை, ஆனால் உங்கள் திரைகளின் கோடுக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது பேஸ்லைன் ப்ரொஃபைல். பட்டியலை நீங்களே ரிலீஸுக்கு முன் உருவாக்கி ஆப்போடு அனுப்புவது. ப்ளே ஸ்டோரிலிருந்து இறங்கும்போதே அதில் உள்ளவை ஏஓடியாக கம்பைல் ஆகிவிடும், ஆண்ட்ராய்டு 7 முதலே வேலை செய்யும். முதல் லான்ச்சிலிருந்தே கோடு ஓடும் வேகம் 30% அளவுக்குக் கூடும் என்று கூகுள் தன் ஆவணத்தில் சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.


ஊசித்தட்டான்:

ஃப்ளட்டர் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், தினமும் அதில்தான் வேலை.

நீங்கள் ஓட்டிப் பார்த்தது டீபக் பில்ட் (எழுதும்போது பிழை தேடப் பயன்படுத்தும் பதிப்பு) என்று நினைக்கிறேன், மேலே வலது மூலையில் டீபக் என்ற பட்டை தெரிந்திருந்தால் உறுதி. அந்த பில்டில், ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் எழுதிய கோடு ஜிட்டில்தான் ஓடும். ஆப்பை நிறுத்தாமலே மாற்றத்தைப் பார்க்கும் ஹாட் ரீலோட் சாத்தியமாவதே அதனால்தான்: ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்குள் (டார்ட்டை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) மாற்றிய கோடை நுழைக்க வேண்டும் என்றால், அங்கேயே கம்பைல் செய்ய ஒரு கம்பைலர் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, கோடுக்குள் வைத்த சோதனைகளான அசர்ட்கள் எல்லாம் விழித்திருக்கும். ரிலீஸ் பில்டில் அந்தக் கம்பைலரே இருக்காது. டார்ட் முழுக்க ஏஆர்எம் இயந்திர மொழியாகி ஒரே நேட்டிவ் லைப்ரரியாக ஆப்புக்குள் உட்கார்ந்திருக்கும், ஆர்ட்டின் இன்டர்ப்ரெட்டர், ப்ரொஃபைல், ராத்திரி வேலை எதுவும் அதைத் தொடாது. ஒரே ஃப்ரேம்வொர்க், இரண்டு முறை. அளக்க வேண்டும் என்றால் ஃப்ளட்டரின் ப்ரொஃபைல் மோடில் (வேகம் அளப்பதற்கான பில்ட், மேலே சொன்ன பட்டியல் அல்ல), நிஜமான போனில் அளக்க வேண்டும். டீபக் பில்டின் வேகத்தை வைத்து ஃப்ளட்டரைத் திட்டுவதும் சரியில்லை, வாங்குவதும் சரியில்லை.

(கம்போஸுக்கும் இதே விதிதான். டீபக் செய்யக்கூடிய பில்டில் ஆர்ட் நிறைய மேம்படுத்தல்களைக் கைவிடும், பேஸ்லைன் ப்ரொஃபைலும் பலிக்காது. உங்கள் புகாரை அந்த பில்டில் சோதித்தால் வேறு ஏதோ ஒரு மந்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.)

ஆக, உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. ஃப்ளட்டர் ரிலீஸில் முதல் நாளும் பத்தாவது நாளும் டார்ட் கோடு ஒரே வேகத்தில் ஓடும். ஆனால் அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். ஃப்ளட்டர் எஞ்சினை ஆப்போடு சுமக்க வேண்டும், திறக்கும்போது அதை ஏற்றவும் நேரம் வேண்டும். ஒவ்வொரு சிபியு வகைக்கும் தனித்தனி இயந்திர மொழி, ஒவ்வொரு போனுக்கும் வேண்டியதை மட்டும் ப்ளே பிரித்துத் தரும் ஆப் பண்டில் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே ஏபிகேயில் (நிறுவும் கோப்பில்) அடைத்தால் அளவு வீங்கும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: நீண்ட நேரம் ஓடி நன்றாகச் சூடான ஜிட், ஏஓடியைவிட வேகமான கோடைத் தர முடியும். அது ஓடும்போது எந்த வகைத் தரவு உண்மையில் வருகிறது என்று பார்த்து, அதற்கேற்பத் துணிந்து வெட்டித் தைக்கும், கணிப்பு தவறினால் பின்வாங்கும். ஏஓடிக்கு அந்த வசதி இல்லை, எல்லா வாய்ப்புக்கும் இடம் விட்டுத்தான் கோடு எழுத வேண்டும். சர்வரில் இது பெரிய விஷயம். ஒரு நிமிடம் திறந்து மூடும் ஆப்பில் அந்த உச்சத்தை எட்டவே நேரம் இருக்காது, அதனால் மொபைலில் ஏஓடி பக்கம் தராசு சாய்கிறது.

டார்ட் ஏஓடியாக இருந்தும் ஃப்ளட்டர் ஆப்கள் முதல் அனிமேஷனில் திக்கிய காலம் ஒன்று இருந்தது. காரணம் டார்ட் அல்ல, வரைகலை ஷேடர்கள் (திரையில் வரையும் சிறு நிரல்கள்) ஆப் ஓடும்போது கம்பைல் ஆனதுதான். அதற்காகவே இம்பெல்லர் என்ற புது ரெண்டரரை எழுதி, ஷேடர்களையும் ஆப் கட்டும்போதே கம்பைல் செய்ய வைத்தார்கள். 2023இல் ஃப்ளட்டர் 3.10 முதல் ஐஓஎஸ்ஸில் அதுவே இயல்பு, ஆண்ட்ராய்டில் 3.27 முதல் புதிய போன்களுக்கு. ஓர் ஆப்பில் எத்தனை இடத்தில் கம்பைல் நடக்கிறது என்று தேடினால் இப்படிப் புதிது புதிதாகக் கிடைக்கும்.

இந்த ஒரு புகாருக்காக நான் மாற்றி எழுத மாட்டேன். ஐஓஎஸ்ஸும் வேண்டும், ஒரே குழு இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு பேச்சு.


பனங்குருத்து:

இருவருக்கும் மிக்க நன்றி. நான் ஓட்டியது டீபக் பில்ட்தான், பட்டை இருந்தது.

ஏடிபியில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) டம்ப்சிஸ் பேக்கேஜ் டெக்ஸ்ஆப்ட் என்று கொடுத்துப் பார்த்தேன். புகார் சொன்ன ஒரு பிரதிநிதியின் போனை வாங்கிப் பார்த்ததில் எங்கள் ஆப்புக்கு நேரே நிலை "வெரிஃபை" என்று, அதாவது ஏஓடியாக கம்பைல் ஆகவில்லை என்று இருந்தது. என் போனில் "ஸ்பீட்-ப்ரொஃபைல்", அதாவது பட்டியலில் உள்ளவை கம்பைல் ஆகிவிட்டன, காரணம் பின்னணி டெக்ஸ்ஆப்ட் என்ற அந்த ராத்திரி வேலை. கடலோடி சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, சோதனைக் குழுவுக்கு நாங்கள் ஏபிகேயை நேரடியாக அனுப்புகிறோம், ப்ளே வழியாக அல்ல. பேஸ்லைன் ப்ரொஃபைல் வைத்தால் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியுமா? இரண்டு, பட்டியல் எல்லாம் எதற்கு, மொத்த ஆப்பையும் நிறுவும்போதே கம்பைல் செய் என்று கட்டாயப்படுத்த முடியாதா? அடுத்த வருடம் ஐபோனிலும் வேண்டும் என்கிறார்கள், அங்கே இந்தத் தொல்லை இருக்குமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.


மரங்கொத்தி:

ஐபோன் பக்கம் நான் சொல்கிறேன்.

அங்கே உங்களுக்குத் தேர்வே இல்லை. ஆப் ஸ்டோர் ஆப்களுக்கு ஜிட் அனுமதி கிடையாது. ஜிட் என்றால் நினைவகத்தில் ஒரு பக்கத்தில் புதிதாகக் கோடு எழுதி, அதையே இயக்க வேண்டும். ஐஓஎஸ் கையெழுத்திட்ட கோடை மட்டுமே இயக்க விடும், சாதாரண ஆப் தானாக எழுதிய பக்கத்தை இயக்க முயன்றால் மறுத்துவிடும். சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்குத் தனிச் சலுகை உண்டு, 2014இல் ஐஓஎஸ் 8 முதல் இணையப் பக்கத்தைக் காட்டும் டபிள்யூகேவெப்வியூ வழியாக நம் ஆப்புக்குள்ளும் அந்த எஞ்சின் வேலை செய்யும், ஏனென்றால் அது வேறு ப்ராசஸில் ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் ஐஓஎஸ் 17.4 முதல் பிற உலாவி எஞ்சின்களுக்கும் கதவைத் திறந்தார்கள். மற்ற எல்லோருக்கும் ஏஓடிதான். ஸ்விஃப்ட், ஃப்ளட்டர் ரிலீஸ், டாட்நெட், யூனிட்டி எல்லாம் முன்கூட்டியே கம்பைல் ஆகித்தான் வந்தாக வேண்டும். அதனால் ஓடும்போது கோடு உருவாக்கும் லைப்ரரிகள் ஆண்ட்ராய்டில் ஓடி ஐபோனில் விழும். ஓடும்போதே நிரல் தன் அமைப்பைத் தானே ஆராய உதவும் டார்ட்டின் மிரர்ஸ் லைப்ரரி ஃப்ளட்டரில் இல்லாததும், ஜேசனைப் படிக்கக் கோடு ஜெனரேட் செய்ய வேண்டியிருப்பதும் இதே குடும்பத்து விஷயம்: யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று முன்பே தெரிந்தால்தான் கம்பைலரால் தேவையில்லாததை வெட்டி எறிய முடியும்.

பாதுகாப்பு காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எழுதவும் இயக்கவும் முடிகிற நினைவகம் தாக்குகிறவனுக்குக் கிடைத்த பரிசு. ஐஓஎஸ் 16இல் வந்த லாக்டவுன் மோட் சஃபாரியில்கூட ஜிட்டை அணைத்துவிடுகிறது என்றால் அவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஆப் எழுதும் ரியாக்ட் நேட்டிவ் யோசனையை யாராவது சொன்னால், அது மூன்றாவது வழி. ஹெர்மிஸ் எஞ்சின் (2022இல் 0.70 முதல் அதுவே இயல்பு) ஜாவாஸ்கிரிப்டை பில்ட் நேரத்திலேயே பைட்கோடாக மாற்றிவிடும், போனில் இன்டர்ப்ரெட்டர் அதை ஓட்டும். ஜிட் கிடையாது, இயந்திர மொழியும் கிடையாது. உச்ச வேகத்தை விட்டுக்கொடுத்து லான்ச் நேரத்தையும் நினைவகத்தையும் வாங்கினார்கள், மலிவான போன்களை மனதில் வைத்துப் பார்த்தால் நல்ல பேரம்.


கடலோடி:

ஏபிகே கேள்விக்கு: உடனே தெரியாது, இதில்தான் பலர் ஏமாந்து "பேஸ்லைன் ப்ரொஃபைல் வேலை செய்யவில்லை" என்று எடுத்துவிடுகிறார்கள். ப்ளே வழியாக வந்தால் நிறுவும்போதே கம்பைல். ஏபிகேயாக நிறுவினால், ப்ரொஃபைல் இன்ஸ்டாலர் லைப்ரரி முதல் லான்ச்சுக்குப் பிறகு பட்டியலை உரிய இடத்தில் எழுதி வைக்கும், கம்பைல் ஆவது அடுத்த பின்னணி வேலையில்தான். சோதனைக் குழுவுக்கு ப்ளேயின் உள் சோதனைத் தடத்தைக் கொடுங்கள், உங்கள் பிரதிநிதிகள் பார்ப்பதையே அவர்களும் பார்ப்பார்கள். முடியாது என்றால் ஏடிபியில் பேக்கேஜ் கம்பைல் கட்டளையை ஸ்பீட்-ப்ரொஃபைல் என்று கொடுத்துக் கட்டாயப்படுத்திவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதே கட்டளையில் ரீசெட் கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

மொத்தமாக கம்பைல் செய்வது: ஏடிபியில் ஸ்பீட் என்று கொடுத்தால் நடக்கும், ஆனால் ஆப்பிலிருந்து கேட்க முடியாது, கேட்க முடிந்தாலும் நான் கேட்க மாட்டேன். லாலிபாப் காலத்துக்கே திரும்புவது அது. கம்பைல் ஆன கோடு பைட்கோடைவிடப் பல மடங்கு பெரியது, லான்ச்சின்போது அதையும் மெதுவான சேமிப்பிலிருந்து படிக்க வேண்டும். ஆப்பில் இருக்கும் கோடில் பெரும்பகுதி ஒரு நாளில் ஒரு தடவைகூட ஓடாது. அதே காரணத்துக்காக உங்கள் பட்டியலையும் குறுகலாக வையுங்கள்: ஆப் திறப்பது, கடையைத் தேர்ந்தெடுப்பது, பொருள் பட்டியலை ஸ்க்ரோல் செய்வது, ஆர்டரை உறுதி செய்வது. அறிக்கைத் திரை, அமைப்புகள் எல்லாம் வேண்டாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு அளவீடு. ஆப்பின் வேகத்தை அளக்கும் மேக்ரோபெஞ்ச்மார்க் லைப்ரரியில் கம்பைலேஷன் மோடை நன் (எதுவும் கம்பைல் ஆகாதது) என்று வைத்து கோல்ட் ஸ்டார்ட் நேரத்தை, அதாவது ப்ராசஸ் இல்லாத நிலையிலிருந்து ஆப் திறக்கும் நேரத்தை எடுங்கள், அப்புறம் ஃபுல் (முழுக்க கம்பைல் ஆனது) என்று வைத்து எடுங்கள், பிரதிநிதிகள் வைத்திருக்கும் அதே வகைப் போனில். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கம்பைல் விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியதன் உச்சவரம்பு என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். இடைவெளி சின்னதாக இருந்தால் குற்றவாளி வேறு ஆள்: அப்ளிகேஷன் தொடங்கும்போதே வரிசையாக எழுப்பப்படும் எஸ்டிகேக்கள் (பிறர் தரும் லைப்ரரிகள்), திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் டேட்டாபேஸ் திறப்பது, இப்படி. மூன்றாம் நாள் தானாகச் சரியாகிறது என்பதை வைத்து உங்களுக்கு இடைவெளி பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் மேலாளரிடம் எண்ணோடு போனால்தான் மாற்றி எழுதும் பேச்சு நிற்கும்.

ப்ரொஃபைலை உருவாக்கும் போன் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரூட் தேவையில்லை, பழையது என்றால் ரூட் வேண்டும். சிஐயில் (தானியங்கி பில்ட் சர்வரில்) ஓட்ட ப்ளே ஸ்டோர் இல்லாத எமுலேட்டர் இமேஜ் போதும். கோடைச் சுருக்கும் ஆர்8 போட்ட ரிலீஸ் பில்டையே அளக்கப் பயன்படுத்துங்கள். கடைசியாக ரிலீஸ் ஏபிகே கட்டியதும் அதை ஏபிகே அனலைசரில் திறந்து, அசெட்ஸ் ஃபோல்டருக்குள் டெக்ஸ்ஆப்ட் என்ற துணை ஃபோல்டரும் அதில் பேஸ்லைன் ப்ரொஃப் கோப்பும் இருக்கிறதா என்று ஒவ்வொரு ரிலீஸிலும் பாருங்கள். பில்ட் கருவியான க்ரேடிலில் மாட்யூலை மாற்றி அமைத்தபோது சத்தமே இல்லாமல் அது காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன், பில்ட் எந்தப் பிழையும் காட்டாது.